கோபேயில் நான் தள்ளிவைத்த தட்டு

மகன்,

இதை நீ மெல்ல மெல்லத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் படித்த தமிழ் உனக்கு இவ்வளவு வந்ததே பெரிய காரியம். பாதி நாள் பின்கதவால் பந்தடிக்க ஓடியவன் நீ. மெல்ல வாசிப்பது நல்லதுதான். போனில் குரலாகப் பேசி அனுப்பச் சொன்னார் அப்பா. பேசினால் நான் அழுவேன். அழுதால் நீ இரங்கிவிடுவாய். நீ இரங்கினால் நான் சொல்லவந்ததைச் சொல்லாமலே தப்பிவிடுவேன். என் வாழ்க்கையில் பல இடங்களில் நான் அப்படித்தான் தப்பியிருக்கிறேன். அதனால்தான் பலெர்மோவில் ஒரேத்தோ தெருவில் இருக்கிற நம் வீட்டுக் குசினி மேசையில், விரிப்பை ஒரு பக்கம் மடித்துவிட்டு, நீ இரவில் மிச்சப் பாடம் எழுதிய அதே மூலையில் இருந்து எழுதுகிறேன்.

வருகிற சித்திரையில் அங்கே ஜப்பானில் உனக்கும் மிஹோவுக்கும் கல்யாணம். கல்யாணச் சாப்பாடு கோபேயில் அந்தப் பழைய சாப்பாட்டுக் கடையில்தான் என்று முதலில் பேச்சு. மிஹோவின் அம்மாவும் அப்பாவும் முதன்முதல் சந்தித்தது, மிஹோவுக்கு ஏழு வயதானது, அவள் பல்கலைக்கழகம் போனது என்று அந்த வீட்டின் நல்ல நாளெல்லாம் அந்த மேசையில்தான் சாப்பிட்டு முடிந்திருக்கிறது. இப்போது நீ அதைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு மாற்றிவிட்டாய் என்று போன கிழமை அப்பா சொல்லித்தான் அறிந்தேன். "சின்னக் கடை, எல்லாருக்கும் இடம் காணாதெண்டு சொல்லுறான்" என்றார். பதினாறு பேருக்கு இடம் காணாத கடையா அது? நானும் வந்து இருந்துவிட்டுப் போன கடைதானே. அங்கே இடம் காணாதது எனக்கு மட்டும்தான். அதை நீ வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தை முடித்ததும் மிஹோவுக்கு அவளுடைய பாஷையில் ஒன்றும் விடாமல் சொல்லு. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்த கதையையும் முதலில் இருந்து சொல்லப்போகிறேன்.

நான் பலெர்மோவுக்கு வந்த இரண்டாம் மாதத்தில் இருந்து ஒரே வீட்டில்தான் வேலை. வீட்டுக்காரியைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடவேண்டும். அவளுக்கு அப்போது அறுபது வயது, இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். மன்னாரில் இருந்து வந்தபோது எனக்குச் சோறும் கறியும் மீன்சொதியும் தெரியும். ஸ்பகெட்டியை நான் பெட்டியில்கூடக் கண்டதில்லை. அவள்தான் பழக்கினாள். பழக்கினாள் என்றால் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தாள் என்று நினைக்காதே. நான் சமைத்துக் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வாய் எடுத்துப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு, வலக்கையின் இரண்டு விரலைத் தட்டின் விளிம்பில் வைத்து, தட்டை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளுவாள். என்னைப் பார்க்கமாட்டாள், யன்னலைப் பார்ப்பாள். நான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். என்ன பிழை என்று நானே கண்டுபிடிக்கவேண்டும். சில நாளைக்கு மட்டும் "த்ரொப்போ கொத்தா" என்பாள், கூட அவிந்துவிட்டது என்று அர்த்தம். நான் இத்தாலியனில் முதலில் படித்த சொற்களில் அதுவும் ஒன்று.

பள்ளிக்கூடம் விட்டதும் நீ அங்கேதான் வருவாய், அந்தக் குசினியில் இருந்து பாடம் எழுதுவாய். கதவு பாதி திறந்திருக்கும், உன் கதிரையில் இருந்து பார்த்தால் சிஞ்ஞோராவின் கையும் தட்டும் தெரியும். உனக்கு எட்டு வயதிருக்கும், ஒருநாள் கேட்டாய்: "அம்மா, அவ ஏன் சாப்பிடேல்லை?" நான் சொன்னேன்: "அவவுக்கு வயித்து நோ, அப்பன்." பிறகு எத்தனையோ தரம் அதையே சொன்னேன். நீயும் பாவமென்று நினைத்து, இரவில் செபம் சொல்லும்போது சிஞ்ஞோராவின் வயிற்றுக்காகவும் ஒரு அருள்நிறை மரியே சொன்னாய். உனக்குப் பதின்மூன்று வயதானபோதுதான் ஒருநாள் கொப்பியில் இருந்து தலையை எடுக்காமலே, "அவவுக்கு வயித்து நோ இல்லை, அம்மா" என்றாய். நான் கேட்காத மாதிரித் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு முன்னால் ஒருவர் உன்னைச் சிறுமைப்படுத்தினால், பிள்ளைக்கு அதை மறைக்காதே. மறைத்தால் பிள்ளை அந்தச் சிறுமையோடு சேர்த்து உன் பொய்யையும் சுமக்கும். நீயும் நாளைக்கு ஒரு தகப்பனாகப் போகிறவன், இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஐப்பசி மாதம் நானும் அப்பாவும் கோபேக்கு வந்து மூன்றாம் நாள். மேற்கத்திச் சாப்பாட்டுக் கடை என்று நீ சொன்னபோது நான் ஏதோ பெரிய கண்ணாடிக் கட்டடம் என்று நினைத்தேன். ஒடுங்கிய வாசல், தேய்ந்த மரப்படி, வெள்ளை விரிப்புப் போட்ட ஏழெட்டு மேசை. சோற்றைக்கூடத் தட்டையான பீங்கானில் பரப்பி முள்ளுக்கரண்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். கடைக்காரருக்கு எண்பதுக்கு மேல். அவருடைய தகப்பன் கப்பலில் சமையல்காரராக இருந்து, கரைக்கு வந்து தொடங்கிய கடை என்று நீ சொன்னாய். மிஹோவின் அப்பா துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தன்னைப் போலவே கதை குறைவு என்று அப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மிஹோவின் அம்மா எனக்கு எதிரே இருந்து, நான் தண்ணீர்க் கிளாசை எடுத்தால்கூடச் சரியா என்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தா.

நீ என்னை அறிமுகப்படுத்தியதை மிஹோ எனக்கு இத்தாலியனில் சொன்னாள், நீ அவளுக்குப் பழக்கிய அந்தக் குழந்தை இத்தாலியனில்: "அம்மா பலெர்மோவில் முப்பது வருஷமாகச் சமைக்கிறா." நீ அவ்வளவுதான் சொன்னாய், பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்து மரியாதை செய்தார்கள். மகன், ஒன்று யோசித்துப் பார். முப்பது வருஷத்தில் பலெர்மோவில் ஒருவர்கூட என்னை இத்தாலிக்காரி என்று நினைத்ததில்லை. இங்கே இருக்கிறதற்கான அனுமதிப் பத்திரத்தை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், வரிசையில் நின்ற காலையெல்லாம் அதைத்தான் எனக்குச் சொல்லித் தந்தது. உலகத்திலேயே என்னை இத்தாலியில் இருந்து வந்த பெரிய மனிசி என்று வரவேற்ற முதல் இடம் அந்தக் கடை. அது எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நான் நிமிர்ந்து இருந்தேன். துவாயை மடியில் விரித்தேன், அதுவும் சிஞ்ஞோரா விரிக்கிற மாதிரி ஒரு உதறு உதறி.

அப்போது கடைக்காரக் கிழவரே குசினியில் இருந்து வந்தார். உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் ஒரேயொரு தட்டு. மற்ற எல்லாருக்கும் வேலைக்காரப் பெண் கொண்டுவந்து வைத்தாள், எனக்கு மட்டும் அவரே வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். நீ சிரிப்பை அடக்க முடியாமல், "சாப்பிட்டுப் பாருங்கோ அம்மா. பிறகு ஒண்டு சொல்லுறன்" என்றாய். நான் தட்டைப் பார்த்தேன். சிவந்த ஸ்பகெட்டி. தக்காளி சோஸ், போத்தலில் வருகிற இனிப்புச் சோஸ். வட்டமாக வெட்டிய சொசேஜ், வெங்காயம், பச்சைக் கறிமிளகாய். ஒரு வாய் எடுத்தேன். நன்றாக அவிந்து குழைந்திருந்தது. இனித்தது, கடைசியில் ஒரு உறைப்பு வந்தது. அதையும் ஒரு பிழை என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு நான் செய்ததை நீ பார்த்தாய். ஆனாலும் நானே என் கையால் எழுதவேண்டும். முள்ளுக்கரண்டியை வைத்தேன். இரண்டு விரலை விளிம்பில் வைத்தேன். தட்டை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினேன். யன்னலைப் பார்த்தேன். "த்ரொப்போ கொத்தா" என்றேன். தமிழில்கூடச் சொல்லவில்லை. அந்த மேசையில் இருந்தவள் தமிழ்ப் பெண்ணே இல்லை.

மிஹோவுக்கு விளங்கிவிட்டது, அவளுடைய முகம் சுருங்கியதைக் கண்டேன். கிழவர் உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நீ அவருக்குப் பதில் சொன்னாய், சொல்லும்போது உன் கை உன் வயிற்றைத் தொட்டது. எனக்கு ஜப்பான் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் அந்தப் பொய் எனக்குத் தெரியும். நான் பெற்று வளர்த்த பொய் அது. கிழவரின் முகம் உடனே மாறியது. தனக்கு நேர்ந்ததை மறந்து எனக்காகப் பதறிக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார். கால்மணித்தியாலம் கழிந்து, அந்தக் கடையில் யாருக்கும் போடாத ஒரு சாப்பாட்டோடு வந்தார். மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் கஞ்சி. உப்புப் போட்டு, சூடு ஆற்றி, நோயாளிக்குக் கொடுக்கிற பதத்தில். நான் அதைக் குடித்தேன். வேறென்ன செய்ய? எல்லாரும் என் வயிற்றை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்க, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்தேன். அப்பா என் பக்கம் திரும்பவேயில்லை.

திரும்பி வரும்போது ஸ்டேஷனில், ரயிலுக்குக் காத்து நின்ற இடத்தில், நீ சத்தம் போடாமல்தான் சொன்னாய். "அந்த விரலை எனக்குத் தெரியும், அம்மா." நான் வாயைத் திறக்கமுதல் இன்னொன்றும் சொன்னாய்: "வயித்து நோ எண்டு சொல்லிப்போட்டன். உங்களிட்டைப் பழகினதுதானே." பிறகு நாலு நாள் நாங்கள் அங்கே நின்றோம். நீ ஒரு குறையும் வைக்கவில்லை. கோயில்களைக் காட்டினாய், மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாய், எனக்குக் கதவு திறந்து பிடித்தாய். விருந்தாளிக்குச் செய்வது போல எல்லாம் செய்தாய்.

சரி, அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். பலெர்மோவுக்கு வந்ததும் நான் அதை ஒரு பகிடிக் கதையாக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் பெண்களோடு நின்று, "எடியே, இத்தாலியில இருந்து போன எனக்குத் தக்காளி சோஸ் போட்டு ஸ்பகெட்டி தந்தவங்கள்" என்று நடித்துக் காட்டினேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நீ கோபித்ததைச் சொல்லவில்லை. கஞ்சியைச் சொல்லவில்லை. சிஞ்ஞோராவுக்கும் சொன்னேன். இப்போது அவள் எழும்பி நடப்பதில்லை, நான்தான் கரண்டியால் ஊட்டுகிறேன். ஊட்டிக்கொண்டே கதையைச் சொன்னேன், விரலால் தட்டைத் தள்ளியதையும் காட்டினேன். தான் பார்ப்பது தன்னுடைய விரலைத்தான் என்று அவளுக்குப் படவேயில்லை. பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தாள். என் கையைப் பிடித்து, "பிராவா" என்றாள், கெட்டிக்காரி என்று அர்த்தம்.

நான் அந்த வீட்டில் எத்தனை கத்தரிக்காய் பொரித்திருப்பேன், எத்தனை மத்தி மீனை முள்ளெடுத்திருப்பேன். அவளுடைய புருஷன் செத்த கிழமை முழுவதும் நாற்பது பேருக்குச் சமைத்தேன். முப்பது வருஷத்தில் அவள் எனக்கு அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. என் வாழ்க்கையின் முதல் பிராவா ஒரு கிழவரின் தட்டைத் தள்ளியதற்குக் கிடைத்தது. இன்னும் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ்ஸில் வரும்போது எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், மகன்.

அடுத்த திங்கட்கிழமை அப்பாவுக்கு லீவு. ஸ்ஃபெர்ராகவால்லோவில் அவர் பீங்கான் கழுவுகிற மீன் சாப்பாட்டுக் கடைக்குத் திங்களில் பூட்டு என்று உனக்குத் தெரியும். அவர் மேசையில் இருந்து மந்தரினோ தோடம்பழம் உரித்துக்கொண்டு இருந்தார். நான் போனில் மிலானோவில் இருக்கிற சிநேகிதிக்கு அதே கதையை அதே சிரிப்போடு சொல்லிக்கொண்டு இருந்தேன். போனை வைத்ததும் அப்பா சொன்னார், "இனி அந்தக் கதையைக் கதைக்காதை."

"ஏன், நான் என்ன பொய்யோ சொல்லுறன்?"

"நீ மெய்யைத்தான் சொல்லுறாய். அதுதான் கேக்கேலாமல் இருக்கு." பழத்தை ஒரு பக்கம் வைத்தார். "நான் இருவத்தேழு வருஷமா பீங்கான் கழுவுறன். வெறுமையா வாற பீங்கானை ஒருத்தரும் பாக்கமாட்டினம். நிறைஞ்சு திரும்பி வந்தா, சமைச்சவன் அடுப்பை விட்டிட்டு வந்து அதைப் பாத்துக்கொண்டு நிப்பான். நான் அவன் போகுமட்டும் அதைக் கழுவாமல் வைச்சிருப்பன். அந்த மனிசனும் அண்டைக்கு உள்ளுக்குப் போய் அப்படித்தான் நிண்டிருக்கும்."

நான் விடவில்லை, உனக்குத்தான் என் நாக்குத் தெரியுமே. "அவர் இத்தாலிச் சாப்பாடெண்டு அதைக் கொண்டுவந்து வைச்சா நான் என்ன செய்யிறது?" என்றேன். அப்பா உரித்த தோலைக் கூட்டி ஒதுக்கினார். "அது இத்தாலிச் சாப்பாடில்லை. அது உன்ரை சாப்பாடு" என்றார். பிறகுதான் நீ அவரிடம் சொல்லி, எனக்குச் சொல்லவேண்டாம் என்று மறித்திருந்ததைச் சொன்னார்.

நாங்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் மிஹோவின் வீட்டார் உன்னை முதன்முதல் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். மற்றச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ஸ்பகெட்டி வந்ததாம். நீ ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டாயாம். இது என் அம்மா செய்கிற ஸ்பகெட்டி, சின்ன வயதில் சாப்பிட்டது, பிறகு கிடைக்கவே இல்லை என்று சொன்னாயாம். கிழவர் அதைக் கேட்டு உள்ளே இருந்து வந்து, அம்மா எப்படிச் செய்வா, என்ன போடுவா என்று விசாரித்தாராம். நீ நல்லாய் அவிய விடுவா, வெங்காயம், கறிமிளகாய், சொசேஜ், தக்காளி சோஸ், கடைசியில் செத்தல் மிளகாய் இடித்துப் போடுவா என்றாயாம். அவருடைய தகப்பன் காலத்தில் இருந்து மாற்றாத சாப்பாட்டில், அன்றைக்கு எனக்காக மட்டும் மிளகாய் போட்டாராம். நான் கண்டுபிடிப்பேன் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அதற்காகத்தான் அவர் போகாமல் நின்றார்.

மிஹோ, இதை நீ கேட்டுக்கொண்டிருந்தால் உனக்கும் சொல்கிறேன். உண்மைதான், அது என் சாப்பாடு. சிஞ்ஞோரா வீட்டில் நின்று நின்று கால் வீங்கி வருவேன். அடுப்பில் ஸ்பகெட்டியைப் போட்டுவிட்டு உடுப்புக் காயப்போடப் போவேன், வரும்போது அது குழைந்திருக்கும். இருக்கிறதைப் போட்டுப் பிரட்டிக் கொடுப்பேன். இவன் சட்டியை வழித்துச் சாப்பிடுவான். இவனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அதை ஒருநாள் பெருமையாகச் சிஞ்ஞோராவிடம் சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்து, "பிள்ளைக்கா அதைக் கொடுக்கிறாய்?" என்று கேட்டாள். அன்றோடு விட்டேன். பிறகு இவன் எத்தனையோ தரம் கேட்டான். "அது சாப்பாடில்லை, கேக்காதை" என்று அதட்டினேன். மகன், கோபேயில் அந்தத் தட்டைத் தள்ளியபோது நான் கிழவரை மட்டும் தள்ளவில்லை. ஒரேத்தோவில் கால் வீங்கி நின்று பிள்ளைக்குச் சமைத்த என்னையும், அதைச் சாப்பிட்டு வளர்ந்த உன்னையும் சேர்த்துத்தான் தள்ளினேன். அதை நினைக்க எனக்கு இரவும் பகலும் கூசுகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நம்முடைய தமிழ்ச் சாமியார் அந்தக் கிழமை இல்லை, கிழட்டு இத்தாலியச் சாமியார்தான் இருந்தார். நான் முழங்காலில் இருந்து, எனக்குத் தெரிந்த வேலைக்கார இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பகெட்டியில் போத்தல் சோஸ் என்ற இடம் வந்ததும் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் குலுங்கிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சிஞ்ஞோரா, நானும் திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். என்னைச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதற்கு எனக்கு அழுகை வந்தது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். அது ஒட்டவில்லை. இந்த ஊரில் இதற்கு எனக்கு மன்னிப்புக் கொடுக்கக்கூடிய ஆள் இல்லை, எல்லாரும் என் பக்கம்தான் நிற்பார்கள். அதனால்தான் உன்னிடம் வருகிறேன்.

கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எந்த முகத்தோடு சொல்ல? என்னிடம் படித்ததில் எதை விடவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். உனக்கும் அந்த விரல் வரும். எனக்கு வராது என்று நினைக்காதே, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வருஷக்கணக்காகக் கண்ட ஒரு காரியம் கைக்குள் இருந்துகொண்டே இருக்கும். உன்னை யாராவது பெரிய ஆள் என்று தலைகுனிந்து கும்பிடுகிற நாளில் அது வெளியில் வரும். மிஹோ வைக்கிற தட்டில் பிழை இருந்தால் வாயால் சொல்லு, அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லு. யன்னலைப் பார்க்காதே. அவளுக்காக யாரிடமும் வயிற்று நோ என்று சொல்லாதே. என் மீது கோபம் இருந்தால் அதையும் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, "அப்பாட்டைக் குடுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லாதே. அதைவிட நீ என்னை ஏசலாம்.

நேற்று நான் அந்த ஸ்பகெட்டியைச் செய்தேன், இருபது வருஷத்துக்குப் பிறகு. கடையில் சோஸ் போத்தலை எடுக்கும்போது யாரும் பார்க்கிறார்களோ என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்தளவுக்குக் கெட்டுப்போயிருக்கிறேன். அடுப்பில் போட்டுவிட்டு வேண்டுமென்றே உடுப்புக் காயப்போடப் போனேன். செத்தல் மிளகாயை இடித்துப் போட்டேன். அப்பாவும் நானும் இந்த மேசையில் இருந்து சாப்பிட்டோம். உண்மையைச் சொன்னால் கிழவருடையது என்னுடையதைவிட நல்லது. அன்றைக்கு நான் வைத்தது ஒரேயொரு வாய், ஆனாலும் அந்த ருசி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் வெங்காயத்தை நன்றாகப் பழுக்க வதக்கியிருந்தார். நான் ஒருநாளும் அவ்வளவு பொறுமையாக வதக்கியதில்லை.

இனி நான் கேட்கவந்தது. கல்யாணச் சாப்பாட்டை அந்தக் கடைக்கே மாற்று. மிஹோவின் அம்மா பரவாயில்லை என்று சொல்லியிருப்பா, அவ அப்படித்தான் சொல்லுவா. அவர்களுடைய நல்ல நாளெல்லாம் நடந்த மேசையில் இந்த நாள் மட்டும் இல்லாமல் போவதற்கு நான் காரணமாக இருக்கக்கூடாது. நான் அங்கே வந்தால் கிழவருக்கு மனம் நோகும் என்றால் நான் வரவில்லை. அப்பாவை மட்டும் அனுப்புகிறேன், படத்தில் பார்த்துக்கொள்கிறேன். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. ஆனால் முதலில் நீ போய் அவரிடம் உண்மையைச் சொல்லு. அம்மாவுக்கு வயிற்று நோ இல்லை, அகங்காரம் என்று சொல்லு. அந்தப் பாஷையில் அகங்காரத்துக்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியாது, மிஹோ சரியான சொல்லைச் சொல்லித் தருவாள். சொல்லிவிட்டு, அம்மா வரலாமா என்று கேள்.

அவர் வரச்சொன்னால், எனக்குக் கல்யாண விருந்து ஒன்றும் வேண்டாம். மிளகாய் போட்டு அந்த ஸ்பகெட்டியை ஒரு தட்டு வைக்கச் சொல்லு. வைத்துவிட்டு அவர் அங்கே நிற்கத் தேவையில்லை, உள்ளே போய்த் தன் வேலையைப் பார்க்கட்டும். நான் சாப்பிட்டு முடித்து, அந்த வெறும் தட்டை என் கையாலேயே எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அவரிடம் கொடுப்பேன். முப்பது வருஷம் தட்டுச் சுமந்தவள், கீழே போடமாட்டேன். என்ன சொல்லிக் கொடுக்கிறது என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். அவர் என் தட்டையும் தன் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "ஒண்டும் சொல்லத் தேவையில்லை. பீங்கானைப் பாத்தால் அந்த மனிசனுக்கு விளங்கும்" என்றார்.

அம்மா